டிஸ்னி வேர்ல்டுக்கு மறுபடியும் போகலாமா?

அமெரிக்காவில் சார்லட் நகரத்தில் வசிக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருப்பது இது. இரண்டு வருடத்துக்கு முன் குடும்பத்தோடு ஃபுளோரிடாவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டுக்கு நான்கு நாள் போய்வந்தார்களாம். ஏராளமாகப் பணம் செலவானது, வீடு திரும்பி இரண்டு நாள் எல்லோரும் படுத்தே கிடந்தார்களாம். இப்போது ஐந்து வயதுப் பையனும் ஒன்பது வயதுப் பெண்ணும் மறுபடியும் போகணும் என்று கேட்கிறார்கள். "பார்த்த இடத்தையே எதுக்குத் திரும்பப் பார்க்கணும்?" என்கிறார் கணவர். அடுத்த வருடம் மாமனாரும் மாமியாரும் தமிழ்நாட்டிலிருந்து வருகிறார்கள், அவர்களையும் அழைத்துப் போகலாமா என்பது கேள்வியின் கடைசி வரி. பூங்கா நன்றாக இருக்குமா என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை, அது அவருக்கே தெரியும். அந்த அலுப்பு மறுபடியும் வருமா, அதற்காக மறுபடியும் இவ்வளவு பணம் கொடுப்பது நியாயமா என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது. அதற்குத்தான் பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் அட்லாண்டா பக்கம் இருக்கிறேன். தொழிற்பொறியியல் படித்துவிட்டு, மருத்துவமனைகளில் நோயாளிகள் காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதையே வேலையாகச் செய்கிறேன். வரிசைகளைப் பற்றி யோசிப்பதுதான் என் பிழைப்பு. 2013இல் பையனுக்கு 5 வயதும் பெண்ணுக்கு 1 வயதும் ஆனபோது முதல்முறை போனோம். அதற்கப்புறம் எட்டு முறை போயிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் காரில்தான் போனோம், ஏழு மணி நேர ஓட்டம். எனக்குப் பழக்கம் ஆர்லாண்டோ பக்கம் இருக்கும் நான்கு டிஸ்னி பூங்காக்கள் மட்டும்தான். கலிஃபோர்னியாவுக்கோ டோக்கியோவுக்கோ நான் சொல்வது அப்படியே பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். விமானத்தில் போகும் குடும்பத்துக்கும் சில கணக்குகள் மாறும். நீங்கள் சார்லட்டிலிருந்து காரில் போனால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், உங்கள் நிலைமை ஏறக்குறைய எங்களுடையதுதான்.

முதலில் உங்கள் கணவர் கேட்டது. ஊரில் வருடாவருடம் சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. போன வருடம் பார்த்த அருவிதானே என்று யாரும் அவர்களைக் கேட்பதில்லை. அருவியைப் பார்ப்பதற்காக மட்டும் அவர்கள் போகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே நிற்பது, எந்த நேரத்தில் கூட்டம் வடியும், குளித்துவிட்டு எங்கே சாப்பிடுவது எல்லாம் பழகிய இடத்தில் மனது சீக்கிரம் ஓய்ந்துபோகிறது. டிஸ்னி வேர்ல்டிலும் இரண்டாம், மூன்றாம் முறைகளில்தான் எங்களுக்கு அது கிடைத்தது. ஆனால் உங்கள் கணவரின் கேள்விக்குள் பணமும் இருக்கிறது, அதை ஒதுக்கிவிடக் கூடாது. கடன் அட்டையில் வைத்துவிட்டு வருடம் முழுக்க அடைக்க வேண்டியிருந்தால், போக வேண்டாம் என்றே சொல்வேன். பிள்ளைகளுக்கு 5, 9 வயது என்றால் இன்னும் இரண்டு வருடம் தள்ளிப் போனாலும் எதுவும் கெட்டுவிடாது.

சரி, அந்த அலுப்பு ஏன் வந்தது? இடத்தின் அளவைப் பாருங்கள். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பூங்கா. மொத்த நிலமும் சேர்ந்தால் சுமார் 40 சதுர மைல், சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தின் பரப்புக்கு அருகில் வரும். நான்கு நாளில் நான்கு பூங்கா என்று போகிறவர்கள் தினமும் காலை எட்டு மணியிலிருந்து இரவு வாணவேடிக்கை வரை நிற்கிறார்கள். எங்கள் முதல் பயணத்திலும் அப்படித்தான். ஒரே நாளில் நான் நடந்தது 22,000 எட்டு என்று என் கைப்பேசி காட்டியது, அதில் பாதி தூரம் தோளில் ஒரு பிள்ளை. கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம்தான் அப்படி இழுத்துக்கொண்டு போகிறது. முதல்முறை போகிறவர்களுக்கு அது இயல்பு. மறுமுறை போகும்போது அதைக் கைவிட முடியும், ஏனென்றால் எதையெல்லாம் பார்க்காமல் விடலாம் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். எது வேண்டும் என்பதைவிட எது வேண்டாம் என்ற பட்டியல் நீளமாக இருக்கட்டும்.

வரிசையின் கணக்கைக் கொஞ்சம் விளக்க விரும்புகிறேன், இது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஒரு ரைடு மணிக்கு இத்தனை பேரைத்தான் ஏற்றும், அதற்கு மேல் அதனால் முடியாது. கூட்டம் அந்த எல்லையை நெருங்க நெருங்க, காத்திருக்கும் நேரம் படிப்படியாக அதிகரிக்காது, திடீரென்று எகிறும். எங்கள் துறையில் இருப்பதிலேயே எளிய கணக்கை எடுத்தால், 80 விழுக்காடு நிரம்பிய இடத்தில் 4 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்றால், 95 விழுக்காடு நிரம்பினால் 19 நிமிடம் ஆகிவிடும். ஆட்கள் அதிகமானது கொஞ்சம்தான், காத்திருப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. பூங்கா திறந்த முதல் ஒரு மணி நேரம் பொன்னானது என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்த நேரத்தில் மூன்று ரைடு முடிக்கலாம், மதியம் ஒரு மணிக்கு அதே மூன்றுக்கு அரை நாள் போய்விடும். 1971இல் மேஜிக் கிங்டம் திறந்த அதே வாரத்தில் வந்த பீட்டர் பேன்ஸ் ஃபிளைட் என்ற ரைடுக்கு இன்றைக்கும் நீண்ட வரிசை நிற்கிறது. அது எல்லாவற்றையும்விடச் சிறந்தது என்பதால் அல்ல, சின்னச் சின்னக் கப்பல்களில் ஒரு நேரத்தில் சிலரைத்தான் ஏற்ற முடியும் என்பதால். பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியனில் படகு பெரியது, வரிசை நீளமாகத் தெரிந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வரும் லைட்னிங் லேன் வரிசைக்குத்தான் இருக்கைகளில் பெரும்பங்கு போகிறது. ஒரு ரைடு மணிக்கு 1,000 பேரை ஏற்றுகிறது என்றே வைத்துக்கொள்வோம். உங்களுக்கு முன்னால் 300 பேர் இருந்தால் 18 நிமிடம்தான் ஆக வேண்டும். சாதாரண வரிசைக்கு அதில் 300 இடம்தான் கிடைக்கிறது என்றால் அது ஒரு மணி நேரம் ஆகிவிடும். அதனால் வரிசையின் நீளத்தைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டிஸ்னியின் ஆப்பில் காட்டும் நிமிடத்தைப் பாருங்கள், என் அனுபவத்தில் அது பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே காட்டும்.

இதிலிருந்து எங்கள் குடும்பத்துக்கு ஒரே ஒரு பழக்கம் வந்தது, ஒன்பது பயணத்தில் நான் கற்றவற்றில் இதையே முதலில் வைப்பேன். பூங்கா திறப்பதற்கு அரை மணி முன்பே வாசலில் நின்றுவிடுவோம். பதினோரு, பதினொன்றரை மணிக்கு வெளியே வந்துவிடுவோம். அறைக்குப் போய்ச் சாப்பிட்டு, பிள்ளைகளை நீச்சல் குளத்தில் விட்டு, எல்லோரும் ஒரு தூக்கம் போட்டு, ஐந்து மணிக்கு மேல் மறுபடியும் போவோம். போகத் தோன்றவில்லை என்றால் போகமாட்டோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மத்திய ஃபுளோரிடாவில் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை கொட்டுவது அன்றாடம்போல நடக்கும். மின்னல் அருகில் வந்தால் வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், அங்கே ஓடிக்கொண்டிருந்த கூட்டம் முழுக்கக் கூரைக்குக் கீழே இருப்பவற்றுக்கு வந்து நெருக்கும். அந்த மூன்று மணி நேரமும் நீங்கள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தால் எதையும் இழந்ததாக ஆகாது. முதல் நாள் இப்படிக் கிளம்பும்போது மனது கேட்காது, இவ்வளவு காசு கொடுத்து உள்ளே வந்துவிட்டுப் போவதா என்றிருக்கும். இரண்டாம் நாள் மாலையில், மற்ற பிள்ளைகள் ஸ்ட்ரோலரில் அழுதுகொண்டிருக்க உங்கள் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நடக்கும்போது அந்த உறுத்தல் போய்விடும்.

அடுத்தது உயரம். மறுபடியும் போவதற்குப் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து பார்த்தால் வலுவான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். செவன் ட்வார்ஃப்ஸ் மைன் டிரெயினுக்கும் ஸ்லிங்கி டாக் டேஷுக்கும், ஏறுகிறவருக்குக் குறைந்தது 38 அங்குல உயரம் வேண்டும். சோரினுக்கும் டெஸ்ட் டிராக்குக்கும் 40. காஸ்மிக் ரீவைண்டுக்கு 42. ஸ்பேஸ் மவுன்டன், எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட், அவதார் ஃபிளைட் ஆஃப் பாசேஜ் மூன்றுக்கும் 44. 2023இல் வந்த டிரானுக்கு 48. உங்கள் பையன் மூன்று வயதில் இவற்றில் பலவற்றின் வாசலோடு நின்றிருப்பான். அவனைப் பொறுத்தவரை அடுத்த முறை போவது வேறொரு பூங்காவுக்கு. என் மகன் 2013இல் ஸ்பேஸ் மவுன்டன் வாசலில் அளவுகோலின் கீழ் நின்றான், ஒரு விரற்கடை குறைந்தது. அங்கே நின்ற பணியாளர் மண்டியிட்டு, அவன் கண்ணைப் பார்த்து, "வளர்ந்துவிட்டு வா, நாங்கள் இங்கேதான் இருப்போம்" என்றார். அவன் அழவில்லை. வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவு நிலையில் 44 அங்குலத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொன்னான். ஒன்றரை வருடம் கழித்து அந்தக் கோட்டைத் தாண்டிய அன்று நாங்கள் அடுத்த பயணத்துக்குத் தேதி குறித்தோம். உங்கள் பையனை இப்போதே, காலணி போட்டபடி அளந்து பாருங்கள். ஐந்து வயதில் பல பிள்ளைகள் 42, 43 அங்குலத்தில் இருப்பார்கள். நான்கு மாதம் தள்ளிப் போனால் 44ஐத் தொட்டுவிடுவான் என்றால், நான்கு மாதம் தள்ளுங்கள். அக்காளுக்கு ஏற முடிந்து தம்பிக்கு முடியாத ரைடுகளில் ரைடர் ஸ்விட்ச் என்று கேளுங்கள், அதற்குத் தனிக் காசு கிடையாது. ஒருவர் பையனோடு வெளியே இருக்க இன்னொருவர் மகளோடு போய் வரலாம். அப்புறம் நீங்கள் மாறிக்கொண்டு, முதலிலிருந்து வரிசையில் நிற்காமல் ஏறலாம். பெண்ணையும் இரண்டாம் முறை கூட்டிக்கொண்டு போக விடுவார்கள், அவளுக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

எந்த நாளில் போவது என்பதில் உறுதியான விஷயமும் உண்டு, வெறும் ஊகமும் உண்டு. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையுள்ள வாரம், தேங்க்ஸ்கிவிங் வாரம், பிப்ரவரியில் பிரசிடென்ட்ஸ் டே வாரம், ஈஸ்டரை ஒட்டிய வசந்த விடுமுறை: இவற்றில் கூட்டம் நெரியும், இதில் சந்தேகமே இல்லை. லேபர் டே முடிந்த செப்டம்பரும், டிஸ்னி நடத்தும் மராத்தான் ஓட்டம் முடிந்த ஜனவரியின் பிற்பாதியும் வழக்கமாகத் தளர்வானவை. இதற்கு மேல், "செவ்வாய்க்கிழமை மேஜிக் கிங்டம், வியாழக்கிழமை எப்காட்" என்று கிழமை பிரித்துச் சொல்கிறவர்களை நான் அதிகம் நம்புவதில்லை. கூட்டத்தைக் கணித்துச் சொல்லும் நாட்காட்டிகள் போன வருடப் போக்கை வைத்துச் சொல்லும் ஊகங்கள்தான், பாதி நாள் பலிக்கும். 2025 மே மாதம் போட்டி நிறுவனமான யூனிவர்சலின் எபிக் யூனிவர்ஸ் பூங்கா பக்கத்திலேயே திறந்துவிட்டதால் பழைய போக்குகளும் அப்படியே தொடரும் என்று சொல்வதற்கில்லை. ஒரே ஒரு தந்திரம் எங்களுக்குத் திரும்பத் திரும்பப் பலித்திருக்கிறது. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை ஹாலோவீனுக்கும், நவம்பர், டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கும் மேஜிக் கிங்டமில் சில இரவுகளில் தனி டிக்கெட் வைத்துக் கொண்டாட்டம் நடத்துவார்கள். அந்த நாட்களில் சாதாரண டிக்கெட்காரர்கள் மாலை 6 மணிக்கு வெளியேற வேண்டும். வாணவேடிக்கை பார்க்க முடியாதே என்று பலர் அந்த நாளைத் தவிர்ப்பதால் பகலில் கூட்டம் குறைகிறது. முன்பே வாணவேடிக்கை பார்த்துவிட்ட உங்களைப் போன்றவர்களுக்கு அது நல்ல பேரம்.

இனி மாமனார், மாமியார். அழைத்துப் போங்கள், ஆனால் எல்லா நாளும் வேண்டாம். டிக்கெட்டில் முதியோருக்குச் சலுகை கிடையாது, 10 வயதிலிருந்து எல்லோருக்கும் ஒரே விலை. அவர்களுக்கு இரண்டு நாள் டிக்கெட் போதும், எப்காட் ஒரு நாள், அனிமல் கிங்டம் ஒரு நாள். என் அப்பா விவசாயக் குடும்பம். எப்காட்டில் லிவிங் வித் தி லேண்ட் என்ற படகுப் பயணத்தில், மண்ணே இல்லாமல் பசுமைக்கூடத்துக்குள் காய்த்துத் தொங்கும் தக்காளியையும், வாழை, பப்பாளியையும் பார்த்துவிட்டு, இறங்கின கையோடு இன்னொரு தடவை போகலாம் என்றார். வரிசை குறைவாக இருந்ததால் அன்றைக்கு மூன்று முறை போனோம். அங்கேயே ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் கூடங்கள் இருக்கின்றன, சுற்று ஒரு மைலுக்கு மேல் வரும், மாலையில் மெதுவாக நடக்கலாம். அனிமல் கிங்டமில் சுமார் 110 ஏக்கர் திறந்தவெளியில் வண்டியில் போய் ஒட்டகச்சிவிங்கி, யானை, சிங்கம் பார்ப்பது பெரியவர்களுக்கும் பிடிக்கும். காலையில் முதல் வேலையாகப் போங்கள், விலங்குகள் நடமாட்டம் அப்போதுதான் அதிகம். வண்டி நன்றாகக் குலுங்கும், முதுகுவலி இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். அதே பூங்காவின் ஆசியப் பகுதியில் ஆனந்தபூர் என்று ஒரு கற்பனை ஊரையே கட்டியிருக்கிறார்கள், அங்கே புலிகளும் உண்டு. "ஆனந்தபுரமா, இது எந்த ஜில்லா?" என்று அம்மா கேட்டது எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சில் வரும்.

மூட்டுவலி இருப்பவர்களுக்கு வாசலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுபோனால் இன்னும் நல்லது, கார் நிறுத்தும் இடத்திலிருந்தே உதவும். நடக்க முடிகிறவர்தானே, எதற்கு என்று அவர்கள் மறுப்பார்கள். என் அம்மாவும் மறுத்தார், முதல் நாள் மாலையில் தானே கேட்டு உட்கார்ந்தார். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: சக்கர நாற்காலி வரிசையைத் தாண்டிப் போவதற்கான வழி அல்ல, பெரும்பாலான இடங்களில் எல்லோரும் நிற்கும் வரிசையிலேயே அதுவும் போகும். காத்திருக்க முடியாதவர்களுக்காக இருக்கும் தனி ஏற்பாட்டையும் 2024இல் சுருக்கிவிட்டார்கள். அது இப்போது முக்கியமாக ஆட்டிசம் போன்ற வளர்ச்சி சார்ந்த நிலை உள்ளவர்களுக்கு, மூட்டுவலிக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் இல்லாதவரை வெளியிலிருந்து உணவு கொண்டுபோகலாம். நாங்கள் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துப்போவோம். அந்த வெயிலில் தயிர்சாதம் தாங்காது, அதை அறைக்கு வந்து சாப்பிடலாம். குளிர்ந்த தண்ணீரை எந்த உணவுக் கவுன்டரில் கேட்டாலும் கோப்பையில் இலவசமாகத் தருவார்கள், பாட்டில் வாங்க வேண்டியதில்லை. ஒரு வேளை மட்டும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் அனிமல் கிங்டம் லாட்ஜில் இருக்கும் சனா என்ற உணவகத்துக்குப் போங்கள். ஆப்பிரிக்கச் சமையலும் இந்திய மணமும் கலந்தது, நான் ரொட்டி, சட்னி வகைகள் கிடைக்கும், ஜன்னலுக்கு வெளியே வரிக்குதிரை மேயும். பூங்கா டிக்கெட் இல்லாமலே போகலாம். அறுபது நாள் முன்பு முன்பதிவு திறக்கும், அன்றே இடம் போட்டுவிடுங்கள்.

பணக் கணக்குக்கு வருகிறேன். ஒருநாள் டிக்கெட் தேதியையும் பூங்காவையும் பொறுத்து மாறும். மலிவான நாட்களில் 120 டாலருக்கு அருகில் தொடங்கி, கிறிஸ்துமஸ் சமயத்தில் மேஜிக் கிங்டமுக்கு 200 டாலரைத் தாண்டும். நாள் கூடக் கூட ஒரு நாளுக்கான விலை குறையும். இதைப் பலர் கவனிப்பதில்லை: நான்கு நாள் டிக்கெட்டைத் தொடர்ந்து நான்கு நாளில் தீர்க்க வேண்டியதில்லை, ஏழு நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இரண்டு நாள் பூங்கா, ஒரு நாள் சும்மா இருப்பது, மறுபடி இரண்டு நாள் பூங்கா என்று பிரித்தால் உடம்பு தாங்கும். லைட்னிங் லேன் விலையும் நாளுக்கு நாள் மாறும், ஆறு பேருக்கு வாங்கினால் ஒரு நாளுக்கு நூறு டாலரை எளிதில் தாண்டிவிடும். தாத்தா பாட்டிக்கு வேண்டாம், தேவைப்படுகிறவருக்கு மட்டும் தனித்தனியாக வாங்கலாம். கூட்டமில்லாத வாரத்தில், காலையில் சீக்கிரம் போகிற குடும்பத்துக்கு அது அவசியமே இல்லை. விடுமுறை வாரத்தில் போயே ஆக வேண்டும் என்றால் மேஜிக் கிங்டமுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் வாங்குங்கள், மற்ற இரண்டையும் விட்டுவிடலாம். இது என் தனிப்பட்ட கருத்துதான், இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் நிறைய.

தங்குவதில் ஆறு பேர் என்பதால் இரண்டு வழி இருக்கிறது. பக்கத்து ஊரான கிஸ்ஸிமியில் அடுப்பங்கரையோடு முழு வீடே வாடகைக்குக் கிடைக்கும், மாமியார் காலையில் காபி போட்டுக்கொள்ளலாம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை வீட்டுச் சாப்பாடு. ஆனால் மதியம் வந்து போகக் காரோட்டம் கூடும், பூங்காவில் கார் நிறுத்தக் காசு. டிஸ்னி விடுதியில் தங்கினால் தினமும் அரை மணி நேரம் முன்பே உள்ளே விடுவார்கள், கார் நிறுத்துவது இலவசம், லைட்னிங் லேனை மற்றவர்கள் மூன்று நாள் முன்பு பதியும்போது நீங்கள் ஏழு நாள் முன்பே பதியலாம். ஆர்ட் ஆஃப் அனிமேஷன் விடுதியில் ஆறு பேர் தங்கும் அறைத்தொகுதி உண்டு, இரண்டு குளியலறையும் மைக்ரோவேவும் இருக்கும். அங்கிருந்து ஸ்கைலைனர் என்ற கயிற்றுப்பாதை எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் போகும். பெரியவர்கள் இல்லாத பயணங்களில் நாங்கள் உள்ளே தங்குவோம், பெரியவர்களோடு போனபோது வெளியே வீடெடுத்தோம். அப்பாவுக்கு மதியச் சாப்பாடு சோறாக இருந்தது எல்லோருக்குமே நிம்மதியாக இருந்தது.

இரண்டு முறை போய்வந்ததும் சிலருக்கு வருடச் சந்தா வாங்கலாமே என்று தோன்றும், டிஸ்னி வெகேஷன் கிளப்பில் சேரலாமே என்றும் தோன்றும். வருடச் சந்தா, பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டு நீண்ட பயணம் உறுதி என்றால் மட்டும் கணக்குக்கு வரலாம். கிளப் என்பது டிஸ்னி விடுதிகளில் தங்குவதற்கான பல்லாண்டு ஒப்பந்தம், வருடாவருடம் பராமரிப்புக் கட்டணமும் கட்ட வேண்டும். பூங்காவில் நிற்கும்போது, பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருக்கும்போது, அதில் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு வந்து மூன்று மாதம் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் அப்போது உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். நாங்கள் சேரவில்லை, அதற்காக வருந்தியதும் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் நினைவில் வைத்திருக்கும் பூங்கா அப்படியே இருக்காது. என் மகளுக்கு டாம் சாயர் ஐலண்டுதான் உயிர். தெப்பத்தில் போய் இறங்கி, குகைக்குள் ஓடி, வரிசையே இல்லாத இடம் அது. 2025 ஜூலையில் அதையும் அதைச் சுற்றியிருந்த ஆற்றையும் மூடிவிட்டார்கள். ஸ்பிளாஷ் மவுன்டன் 2023 தொடக்கத்தில் மூடி, அடுத்த வருடம் அதே இடத்தில் டியானாஸ் பேயு அட்வென்சர் வந்தது. கிளம்புவதற்கு முன் பராமரிப்புக்காக மூடியிருக்கும் ரைடுகளின் பட்டியலைப் பாருங்கள், பிள்ளைகளிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். வாசலில் போய் நின்று தெரிந்துகொள்வது அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். இன்னொன்று, திட்டத்தை நீங்களே முழுக்கப் போடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு காலையும் ஒருவருடையது, அன்றைய முதல் ரைடை அவர் சொல்வதுதான், மற்றவர்கள் முகம் சுளிக்கக் கூடாது. தாத்தா பாட்டிக்கும் ஒரு காலை கொடுங்கள்.

எவ்வளவு இடைவெளி விட்டுப் போவது என்பதற்கு என்னிடம் பொதுவான பதில் இல்லை. எங்களுக்குச் சில பயணங்கள் அடுத்தடுத்த வருடங்களில் அமைந்தன, அவற்றில் இரண்டாவது எப்போதும் கொஞ்சம் சப்பென்று இருந்தது. இரண்டு, மூன்று வருடம் விட்டுப் போனபோது பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள், பிடித்தவை மாறியிருந்தன, போகும் வழி முழுக்கப் பேச விஷயம் இருந்தது. உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு வருடம் ஆகிவிட்டது, அதனால் இது சரியான சமயம் என்றே எனக்குப் படுகிறது. பெரியவர்கள் கோடையில் வந்து ஆறு மாதம் தங்குவதாக இருந்தால், ஜூலை வெயிலில் அவர்களை அலைக்கழிக்காதீர்கள். அக்டோபரில் பள்ளிக்கு விடுமுறை விடும் நாட்களோடு இரண்டு நாள் சேர்த்துக்கொண்டு, ஆறு இரவுக்குப் போங்கள். நடுவில் ஒரு நாள் பூங்கா வேண்டாம். கடைசி இரவு மேஜிக் கிங்டமில் எல்லாம் முடிந்தபின், டுமாரோலேண்டில் ஓடும் பீப்பிள்மூவரில் ஆறு பேரும் ஏறுங்கள். உயரக் கட்டுப்பாடு கிடையாது, குலுங்காது, காற்று வரும், மேலிருந்து விளக்குகள் தெரியும். ஒரே ஒரு விஷயம், அது நகர்ந்துகொண்டே இருக்கும்போது ஏற வேண்டும், மாமியார் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.